‘மறுகா’வை வெட்டியது யார்?
வாசகர் கேள்விகளும் கல்லடி அக்காவின் பதில்களும்

இந்த முறை கடிதங்கள் கொஞ்சம் அதிகம். போன இதழில் நான் தமிழில் தரத் தொடங்கிய இத்தாலியத் துப்பறியும் தொடர்தான் காரணம். பாராட்டியவர்கள் பொறுங்கள், திட்டியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: போன வருடம் அவ்வளவு கனமான ஒரு சிசிலி நாவலைத் தமிழில் தந்தீர்கள். இப்போது கொலை, பொலிஸ், துப்பு என்று இறங்கிவிட்டீர்களே, காசுக்காகவா? (வங்கி ஊழியர், கல்முனை)

ஓம், காசுக்காகவும்தான். அந்தக் கனமான நாவலுக்குப் பதிப்பகம் எனக்குத் தந்த கூலி 25 பிரதிகள். அதில் 11 இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன. கல்லடிப் பக்கம் வந்தால் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். துப்பறியும் தொடருக்கோ மாதம் பிறந்ததும் காசு வருகிறது. மழைக்கு முன்னம் குசினிக் கூரைத் தகரம் மாற்றியது அந்தக் கொலைகாரனின் புண்ணியத்தில்தான்.

ஆனால் தம்பி, ‘இறங்கி’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. இத்தாலியில் கார்லோ ஃப்ருத்தேரோ, ஃபிராங்கோ லுச்சென்தீனி என்று இரண்டு பேர் இருந்தார்கள். லுச்சென்தீனி 1955இல் போர்ஹெஸின் கதைகளை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் ஃப்ருத்தேரோ, கோதோ என்ற ஆள் வருவான் என்று கடைசிவரை காத்திருக்கிற பெக்கெற்றின் நாடகத்தைக் கொண்டுவந்தார். இரண்டும் படித்தவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற புத்தகங்கள். 1964இல் இதே இரண்டு பேரும் பத்திரிகைக் கடைகளில் மலிவு விலைக்குத் தொங்குகிற ‘உரானியா’ என்ற விஞ்ஞானக் கதை வரிசைக்கு ஆசிரியர்களானார்கள். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, 20 வருடத்துக்கு மேல். இடையில் 1972இல் இரண்டு பேரும் சேர்ந்து டுரின் நகரத்தை வைத்து ஒரு கொலைக் கதையும் எழுதினார்கள், அது சக்கைபோடு போட்டது. வராத கோதோவுக்காகக் காத்திருந்த கைதான் வேற்றுக்கிரகப் பூச்சிகளுக்கும் வசனம் திருத்தியது. இதில் எது மேல், எது கீழ்? ஒன்றைச் செய்து பழகிய கை மற்றதில் தெரியும். கொலைக் கதை மொழிபெயர்த்தால் வசனத்தைச் சுருக்கப் படிப்பீர்கள். ஒரு சொல் கூடினாலும் கொலைகாரன் யாரென்று வாசகருக்குத் தெரிந்துவிடும். என் கனமான நாவலின் கடைசி அத்தியாயம் நன்றாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதுவதற்கு முந்திய மாதம் முழுக்க நான் கொலைக் கதைதான் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொன்று. இத்தாலியில் துப்பறியும் கதைக்குப் பெயரே ‘ஜாலோ’, அதாவது மஞ்சள். 1929இல் மொந்ததோரி பதிப்பகம் மஞ்சள் அட்டை போட்டு ஒரு துப்பறியும் வரிசை தொடங்கியது. அட்டையின் நிறம் அந்த இலக்கியத்துக்கே பெயராகிவிட்டது. முசோலினி ஆட்சி 1941இல் அந்த வரிசையை நிறுத்தியது, போர் முடிந்து 1946இல் மறுபடி வந்தது. நான் மொழிபெயர்த்த ஒரு கதையில் ‘அந்தக் கிழவி இரவில் மஞ்சள் வாசிப்பாள்’ என்று ஒரு வசனம். அப்படியே தமிழில் போட்டால் என்ன ஆகும்? நமக்கு மஞ்சள் பத்திரிகை என்றால் வேறு விசயம். பாவம், வேளை தவறாமல் பூசைக்குப் போகிற கிழவி. ‘துப்பறியும் கதை வாசிப்பாள்’ என்று போட்டேன். நிறம் போய்விட்டது, கிழவியின் மானம் தப்பியது.

கேள்வி: இத்தாலிய மொழியை எங்கே படித்தீர்கள் அக்கா? எந்தப் பல்கலைக்கழகம்? (மாணவி, வந்தாறுமூலை)

பல்கலைக்கழக வாசலையே நான் மிதித்ததில்லை தங்கச்சி. 1992இல் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ நகரத்துக்குப் போனேன். நாடு அப்போது இருந்த இருப்பு உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அங்கே ஒரு வயதான விதவையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கண் மங்கிக்கொண்டு வந்தது. சமையல், துடைப்பு, மருந்து எல்லாம் முடிந்ததும் பின்னேரம் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வேதப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தது ஒரு பெட்டி நிறைய மஞ்சள் அட்டைகள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிழையாக உச்சரித்தால் கைத்தடியால் தரையில் ஒரு தட்டு. கொலைகாரன் அகப்படும் பக்கத்தில் மட்டும் தட்டமாட்டார், அங்கே அவருக்கும் அவசரம்.

முதல் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. கடைச் சாமான் எழுத எழுதுகோல் தேடினேன். இத்தாலியச் சொல் ‘பென்னா’. எனக்கு நம்மூர்ச் சொல்தான் வாயில் வந்தது. ‘எனக்கு ஒரு பேனா வேணும்’ என்றேன். இத்தாலிய மொழியில் பேனா என்றால் துயரம். அந்த மனுசி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘மகளே, நீ கொண்டுவந்தது போதாதா?’ என்று கேட்டார். நம் பேனா போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்பதும், போர்த்துக்கேயத்தில் அது இறகு என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றிலிருந்து ஒற்றுக்குப் பயந்தவள் நான். எங்களுக்கு அது கடினமும் இல்லை. புளியையும் புள்ளியையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இத்தாலிய ஒற்று பெரிய காரியமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆட்கள் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போவார்கள். வேதக்காரரும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள், கொஞ்சப்பேர் வெறுங்காலோடு. நானும் போவேன். வரும் வழியில் பழைய புத்தகம் விற்பவனிடம் அந்த மனுசிக்கு ஒரு மஞ்சள், எனக்கு ஒன்று. பதினெட்டு வருடப் படிப்பு அதுதான்.

கேள்வி: உங்கள் தொடரில் சிசிலிக் கிராமத்தார் மட்டக்களப்புத் தமிழ் கதைக்கிறார்கள். ‘மறுகா’ (பிறகு), ‘கரைச்சல்’, ‘மனே’. இது வலிந்து செய்ததாகத் தெரியவில்லையா? எல்லாருக்கும் விளங்கும் தமிழில் எழுதினால் என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அக்கரைப்பற்று)

சேர், இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

சிசிலிக்காரன் கதைப்பதும் ரோம் வானொலி கதைப்பதும் ஒன்றில்லை. அந்திரேயா காமில்லேரி என்ற எழுத்தாளர் 1994இல் மொந்தல்பானோ என்றொரு பொலிஸ் அதிகாரியைக் கதையில் கொண்டுவந்தார். பலெர்மோவில் இருக்கும் செல்லேரியோ என்ற பதிப்பகம், உள்ளங்கையில் அடங்குகிற நீல அட்டைப் புத்தகம். இத்தாலியமும் சிசிலியமும் அவர் தானாகக் கட்டிய சொற்களும் கலந்த மொழி அது. இது யாருக்கு விளங்கும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நாடு முழுக்க வாசித்தது. நான் மொழிபெயர்ப்பது அவரை இல்லை. ஆனால் அந்தத் துணிச்சல் எனக்கு அங்கேயிருந்து வந்ததுதான்.

மொந்தல்பானோ தொலைபேசியை எடுத்தால் சொல்வது, ‘மொந்தல்பானோ சோனோ.’ பொது இத்தாலியத்தில் ‘சோனோ மொந்தல்பானோ’ என்று வரவேண்டும், ‘சோனோ’ என்கிற வினை முதலில். சிசிலிக்காரன் வினையைக் கடைசிக்குத் தள்ளுவான். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் அந்தப் புரட்டல் தலைகீழாக நிற்கும். நமக்கோ வினை கடைசியில் வருவதுதான் வழக்கம். ‘மொந்தல்பானோ கதைக்கிறன்.’ முடிந்தது. ஆனால் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். அங்கே அந்த வரிசையைக் கேட்டதும் ‘இவன் சிசிலிக்காரன்’ என்று பிடித்துவிடுவார்கள். தமிழில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், ஒன்றும் தெரியாது. வரிசையில் தெரியாத ஊரை வேறு எங்கேயாவது காட்ட வேண்டும். ‘பேசுகிறேன்’ என்று போடாமல் ‘கதைக்கிறன்’ என்று போடுவது அதற்குத்தான். சிசிலியில் ‘கமுர்ரியா’ என்று ஒரு சொல், ஓயாத உபத்திரவம். ‘தொல்லை’ என்று எழுதினால் பிழையில்லை. ‘கரைச்சல்’ என்று எழுதினால் அந்த ஆள் பெருமூச்சு விடுவதும் கேட்கிறது, எனக்காவது கேட்கிறது.

இனி என் சோகக் கதை. என் முதல் புத்தகத்தைத் தமிழ்நாட்டுப் பதிப்பகம் ஒன்று போட்டது. பெயர் வேண்டாம். அச்சுக்குப் போகும் முன்பு பிழைதிருத்தப் படி வந்தது. திறந்தால் என் ‘மறுகா’ ஒன்றைக்கூடக் காணவில்லை. எல்லா இடத்திலும் ‘அப்புறம்’. கணினியில் ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார்கள். ‘அப்புறம்’ மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, நானும் சொல்லும் சொல்தான். ஆனால் கணினிக்குக் கண் இல்லையே. ஓரிடத்தில் ‘மனம் மறுகாமல் படியிறங்கினாள்’ என்று எழுதியிருந்தேன். அது ‘மனம் அப்புறம்மல் படியிறங்கினாள்’ என்று வந்திருந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி இன்னும் வைத்திருக்கிறேன். மூன்று கிழமை கடிதப் போர் நடந்தது. கடைசியில் பாதி மறுகா திரும்பி வந்தது. புத்தகத்தில் ஒரே கிழவர் 40ஆம் பக்கத்தில் ‘மறுகா’ என்பார், 42இல் ‘அப்புறம்’ என்பார். வாசகர்கள் அவருக்கு மறதி என்று நினைத்திருப்பார்கள்.

இருந்தாலும் சேர், உங்கள் கண்டனத்தில் ஒரு பங்கு நியாயம் உண்டு. ‘மனே’ கொஞ்சம் கூடித்தான் போனது. ஒரு சிசிலிப் பாதிரியார் ‘மனே’ என்று கூப்பிட்டதை வாசித்ததும் எனக்கே கல்லடிப் பாலம் கண்ணுக்குள் வந்து நின்றது. அடுத்த அத்தியாயத்திலிருந்து குறைக்கிறேன். மறுகாவை விடமாட்டேன்.

கேள்வி: ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்தால் என்ன குறை? நம்மிடம் வந்த ருசியக் கதைகளில் பல அப்படித்தானே வந்தன? (நூலகர், களுவாஞ்சிக்குடி)

குறையில்லை, கவனம் வேண்டும். நானும் ஒருமுறை அவசரத்துக்கு ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வேலை செய்தேன். இத்தாலிய மொழியில் ‘நிப்போத்தே’ என்ற ஒரே சொல் பேரனுக்கும் வரும், சகோதரத்தின் பிள்ளைக்கும் வரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும். ஆங்கிலக்காரர் பேரன் என்று முடிவெடுத்திருந்தார். நானும் 60 பக்கம் ‘பேரன்’ என்றே போட்டேன். 61ஆம் பக்கத்தில் அந்தப் பொடியனின் தகப்பன் வருகிறார், கிழவரை ‘அண்ணா’ என்கிறார்! மூலத்தைத் திறந்து தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. சரி, தம்பியின் மகன் என்றால் பெறாமகன். தங்கையின் மகனாக இருந்திருந்தால் மருமகன், சொத்துக் கதை வேறு பக்கம் போயிருக்கும். இத்தாலியனுக்கு ஒரு சொல் போதும், நமக்கு முழுக் குடும்ப மரமும் தெரிந்தாக வேண்டும். இப்போதெல்லாம் ஒரு நாவலைத் தொடங்குமுன் கொப்பியின் முதல் தாளில் யார் யாருக்கு என்ன முறை என்று கீறிவிட்டுத்தான் மற்ற வேலை.

கேள்வி: வெளிநாட்டைப் பார்க்காமலே அந்நாட்டுக் கதையை மொழிபெயர்க்க முடியுமா? (திருக்கோவில் வாசகர்)

முடியும். இத்தாலிய எழுத்தாளர் செசாரே பவேசே திராட்சை விளையும் மலைக் கிராமத்தில் பிறந்தவர். அமெரிக்காவை ஒரு நாளும் கண்டதில்லை. 1932இல், 23 வயதில், திமிங்கில வேட்டைக் கதையான அமெரிக்க நாவல் மோபி டிக்கை இத்தாலிய மொழியில் வெளியிட்டார். உங்கள் ஊர்க் கடற்கரையில் கரைவலை இழுக்கிற ஆட்கள் செய்திருந்தால் வலைச் சொற்கள் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்பது என் எண்ணம், அது வேறு.

கேள்வி: இத்தாலியில் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துச் சீவிக்கலாமா? (வாழைச்சேனை இளைஞர்)

அங்கே ‘கார்தெல்லா’ என்று ஒரு கணக்கு. இடைவெளியும் சேர்த்து 2000 எழுத்து ஒரு கார்தெல்லா. எத்தனை கார்தெல்லாவோ அத்தனைக்குக் கூலி, நெல்லை அளந்து கொடுப்பது மாதிரி. கவிதை மாதிரி எழுதிய பக்கத்துக்கும் ஒரே அளவு, ‘ஆம்’ ‘இல்லை’ என்று ஓடுகிற வசனத்துக்கும் ஒரே அளவு.

லூச்சானோ பியான்சார்தி கதையைச் சொல்கிறேன். மிலான் நகரத்துக்கு 1954இல் வந்தவர். பதிப்பக வேலை போனது. அதன் பிறகு நூற்றுக்கு மேல் புத்தகங்கள் மொழிபெயர்த்தார், போர் வரலாறு, ஃபோக்னர், ஹென்றி மில்லர் என்று கையில் வந்ததெல்லாம். 1962இல் ‘லா வீத்தா அக்ரா’ என்று ஒரு நாவல் எழுதினார், கசந்த வாழ்க்கை என்று சொல்லலாம். அதில் வருபவனும் மொழிபெயர்ப்பாளன்தான். காலைத் தேய்த்து மெதுவாக நடக்கிறான் என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறான். பிறகு வீட்டில் அவன் சொல்லச் சொல்ல அவனோடு வாழும் பெண் தட்டச்சுச் செய்கிறாள், இத்தனை பக்கம் முடித்தால் வாடகை, இத்தனை முடித்தால் சாப்பாடு என்று கணக்கு ஓடுகிறது. புத்தகம் பிரமாதமாக விற்றது. அவர் 48 வயதில் குடியால் செத்தார்.

வேலையை விடாதீர்கள் தம்பி. விடியற்காலையில் ஒரு மணித்தியாலம் வையுங்கள்.

கேள்வி: இத்தாலிக்கும் தமிழுக்கும் ஏதாவது பழைய தொடர்பு உண்டா? (உயர்தர மாணவர், செங்கலடி)

நீங்கள் எழுதும் ‘ஏ’யையும் ‘ஓ’வையும் பாருங்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் இன்று நாம் எழுதும் இந்த வேறுபாட்டை நிலைக்கச் செய்தவர் வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார். தேம்பாவணியைப் பரீட்சைக்குப் படிப்பீர்கள். பரமார்த்த குரு கதையைச் சிரிப்பதற்குப் படியுங்கள். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் தந்தவரும் அவர்தான். காவியமும் அகராதியும் முட்டாள் குரு கதையும் ஒரே ஆள். கல்முனைத் தம்பியும் இதைக் கவனிக்கட்டும்.

கேள்வி: ஒரு பேராசிரியருக்காக ஒரு நாவலின் பாதியை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். புத்தகம் வந்தபோது அவர் பெயர் மட்டும் இருந்தது. முன்னுரையில் ‘உதவிய மாணவியர்க்கு நன்றி’ என்று ஒரு வரி. நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம், மட்டக்களப்பு)

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன்.

இத்தாலியில் லூச்சியா ரொதொகனாக்கி என்று ஒரு பெண் இருந்தார். லிகூரியாவின் கடற்கரை ஊரான அரென்சானோவில் வீடு. பெரிய எழுத்தாளர்கள் விருந்துண்ண வருவார்கள். அவர்களில் எலியோ வித்தோரீனியும் ஒருவர், அமெரிக்க எழுத்தை இத்தாலிக்குக் கொண்டுவந்தவர் என்று பேர் பெற்றவர். ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி முதல் பிரதியை இந்தப் பெண் செய்து தபாலில் அனுப்புவார். வித்தோரீனி அதை மெருகேற்றுவார். புத்தகத்தில் அவர் பெயர் இருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் பிற்பாடு கடிதக் கட்டுகளைப் பிரித்தபோதுதான் அந்த வேலை எவ்வளவு என்று தெரிந்தது. வித்தோரீனியின் நடை அழகு பொய்யில்லை. அந்த அழகுக்கு அடியில் இருந்த சோறு வேறொருத்தி வடித்தது, அதுவும் பொய்யில்லை.

கடிதங்கள் இருந்தபடியால்தான் லூச்சியாவின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. ஆகவே உங்கள் கைப்பிரதி, பேராசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல், திருத்தங்களோடு வந்த தாள்கள், ஒன்றையும் எறியாதீர்கள். திகதியோடு ஒரு கோப்பில் போடுங்கள். மறுபதிப்பு வந்தால் உள்பக்கத்தில் உங்கள் பெயர் வரவேண்டும் என்று பதிப்பாளருக்கே எழுதுங்கள், சண்டையாக வேண்டாம், சும்மா தகவலாக. பதில் வராமலும் போகலாம். இனிமேல் யாருக்குச் செய்தாலும் முதல் பக்கம் கொடுக்குமுன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ‘நம்பிக்கை இல்லையா பிள்ளை?’ என்று கேட்பவரிடம் கட்டாயம் எழுதி வாங்குங்கள். பாதி நாவல் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது, புத்தகத்தை வாங்கி வாசித்தேன்.

கேள்வி: விஞ்ஞானக் கதை மொழிபெயர்க்கும் எண்ணம் உண்டா? (ஓட்டமாவடி வாசகர்)

ஆசை உண்டு. முன்பு சொன்ன உரானியா வரிசை 1952 ஒக்டோபரில் தொடங்கியது. முதல் புத்தகம் யாருடையது தெரியுமா? ஆர்தர் சி. கிளார்க்கின் செவ்வாய்க் கதை. நான்கு வருடம் கழித்து அவரே நம் நாட்டுக்கு வந்து குடியேறினார். திருகோணமலைக் கடலில் அவரும் நண்பர் மைக் வில்சனும் சுழியோடியபோதுதான் கோணேசர் கோயிலின் மூழ்கிய கற்கள் வெளியுலகுக்குத் தெரிந்தன. அந்த வரிசையைத் தொடங்கிய ஜோர்ஜோ மொனிச்செல்லியும் மொழிபெயர்ப்பாளர். ‘ஃபாந்தாஷென்சா’ என்று கற்பனையையும் விஞ்ஞானத்தையும் ஒட்டி ஒரே சொல்லாக்கியவர். நமக்கு இன்னும் ‘அறிவியல் புனைகதை’ என்று வாய் நிறையச் சொல்லவேண்டி இருக்கிறது. யாராவது குறுக்கித் தாருங்கள்.

கேள்வி: இப்போது என்ன மொழிபெயர்க்கிறீர்கள்? (பலர்)

ஒரு பழைய கிராமத்துக் கதை. நான்கு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன். ‘மெட்சாத்ரோ’. ‘மெட்சோ’ என்றால் பாதி. காணிக்காரனின் நிலத்தில் குடும்பத்தோடு குடியிருந்து பயிர் செய்து, விளைச்சலில் பாதியைப் பிரித்துக் கொடுப்பவன். 1964இல் சட்டம் போட்டு இனிமேல் இப்படிப் புது ஒப்பந்தம் கூடாது என்றார்கள். முதலில் நம்முடைய ‘முல்லைக்காரன்’ என்று எழுதினேன், சந்தோசமாகவும் இருந்தது. இரவு படுத்தபின் உறுத்தியது. முல்லைக்காரன் போடியாரின், அதாவது பெரிய காணிக்காரரின், வயல் வட்டையில் அந்தப் போகத்துக்கு நிற்பவன். மெட்சாத்ரோ தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடப்பவன். விடிய எழும்பி அழித்தேன். ‘வாரக்காரன்’ என்று போட்டால் தமிழ்நாட்டாருக்கு விளங்கும். இஞ்ச ஆட்கள் கிழமைக் கூலி என்று நினைத்துவிடுவார்கள்.

மண்டூர், பழுகாமம், தம்பிலுவில் பக்கம் பழைய போடிமார் வீடுகளில் பிறந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், வயதானவர்களிடம் கேளுங்கள்: வளவிலேயே குடியிருந்து பாதிக்குப் பாதி செய்தவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? ஒரு போஸ்காட் போதும். 17ஆம் திகதிக்கு முன்னம் வந்தால் நல்லது, அன்றைக்கு மூன்றாம் அத்தியாயம் கொடுக்க வேண்டும்.